மெமோவுக்கு எழுதும் முதல் பதில்

அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் வக்கீலான என்னைத் தேடி வரும்போது கையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கும்; உள்ளே துறை நடவடிக்கை பற்றிய மெமோ, அதாவது குறிப்பாணை. உட்காருவதற்கு முன்பே கேட்பார்கள்: "ஸ்டே வாங்கிடலாமா சார்?" கவரைப் பிரிக்காமலேயே நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இதற்கு முன்னால் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? கொஞ்ச நேரம் பேச்சு வராது. அப்புறம் மெதுவாக, "ஆமா சார், எச்.எம். சொன்னாரேன்னு ஒரு லெட்டர்..."

பல வழக்குகள் அந்த லெட்டரில்தான் தோற்கின்றன. நீதிமன்றத்துக்கு வருவது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பட்டதாரி ஆசிரியர், கணக்குப் பாடம். பதினோராம் வகுப்புக்கான விலையில்லா சைக்கிள் இருப்பைப் பார்க்கிற வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. தணிக்கையில் ஏழு சைக்கிள் குறைந்தது. தலைமை ஆசிரியர் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையை நீட்டிவிட்டு, "கவனக்குறைவுன்னு மூணு வரி எழுதிக் குடுங்க சார், ஃபைலை மூடிடலாம்" என்றிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நம்மவரும் எழுதிவிட்டார்: "என் கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது. வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது." ஃபைல் மூடவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து 17(ஆ) வந்தது. அதன் இணைப்பில் ஆவணப் பட்டியலின் முதல் வரிசையில் இருந்தது அந்த மூன்று வரிக் கடிதம்.

தெரியாதவர்களுக்காக: தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் பதினேழாவது விதிதான் இந்த உலகத்தின் அச்சாணி. 17(அ) சிறு தண்டனைக்கானது. விளக்கம் வாங்கிக்கொண்டு முடிவு செய்துவிடலாம். 17(ஆ) பெரிய தண்டனைக்கானது. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகலாம். அதனால் குற்றச்சாட்டு, அதற்கான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என்று இணைப்புகளோடு வர வேண்டும்.

17(ஆ) குறிப்பாணையில் பலர் கண்ணில் படாமல் போகும் ஒரு வாசகம் இருக்கிறது. எழுத்து மூலமான எதிர்வாதத்தோடு, உங்களுக்கு வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் மட்டும் சொல்ல விரும்புகிறீர்களா, இரண்டும் வேண்டுமா என்றும் தெரிவிக்கச் சொல்லியிருக்கும். பதற்றத்தில் நாலு பக்கம் தன் நேர்மையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். வாய்மொழி விசாரணை என்றால் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு. அதைக் கேட்காமல் விட்டுவிட்டு, "சாட்சியையே விசாரிக்கவில்லை" என்று பிறகு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

சரி, பதிலை எப்படி எழுதுவது? முதலில், குறிப்பாணையை வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழே தேதி போடுங்கள். வாங்க மறுக்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு குற்றச்சாட்டு வரும். பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகல் கையில் இல்லையென்றால் அதைக் கேட்டு எழுதுங்கள், கூடுதல் அவகாசமும் அதே கடிதத்தில் கேளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரை. இல்லையென்றால் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட். அப்புறம் குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் எண் போட்டு எடுத்துக்கொண்டு, நடந்தது, நடக்காதது, எனக்கு அந்தப் பொறுப்பே இல்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியருக்கும் உங்களுக்கும் உள்ள பழைய பகை, சங்கத் தேர்தல் விவகாரம் எல்லாம் கடைசிப் பத்தியில் நாலு வரி போதும். அதை முதலில் வைத்தால் படிக்கிறவர் அங்கேயே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

தவறு உண்மையிலேயே நடந்திருந்தால்? மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அளவு, எந்தச் சூழலில், யார் சொல்லி என்பதை எழுதாமல் வெறும் மன்னிப்பு மட்டும் எழுதினால், சுமத்தப்பட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகவே படிக்கப்படும்.

17(அ)தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒன்று. ஊதிய உயர்வை நிறுத்துவதில் இரண்டு வகை உண்டு. தொடர் விளைவு இல்லாமல் என்றால் அந்தக் காலம் முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். தொடர் விளைவுடன் என்றால் இழந்த உயர்வு திரும்ப வராது. ஓய்வூதியம் வரை அந்தப் பள்ளம் கூடவே வரும். இதைப் பெரிய தண்டனையாகத்தான் பார்க்க வேண்டும், முறையான விசாரணை இல்லாமல் விதிக்க முடியாது என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உத்தரவில் "தொடர் விளைவுடன்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விசாரணைக்கு வருவோம். குற்ற வழக்கைப் போல இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். அதற்காகக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு "நிரூபணம்" என்று எழுதிவிட முடியாது. போலீஸ் விசாரணையில் சேகரித்தவையே ஒழுங்கு விசாரணையில் சாட்சியமாகிவிடாது, ஆவணத்தைச் சாட்சி மூலம் நிரூபிக்க வேண்டும் என்று ரூப் சிங் நேகி வழக்கு (2009) சொல்கிறது. விசாரணை அதிகாரியே வழக்கையும் நடத்தித் தீர்ப்பையும் எழுதுவது நம் பக்கம் சகஜம். அப்படி நடந்தால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலேயே ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கொடுத்து, உங்கள் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை தர முடியும். 1993-இல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது இது.

சஸ்பென்ஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது தண்டனை அல்ல என்று சட்டம் சொல்கிறது. தெருவில் இருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. மூன்று மாதத்துக்குள் குற்றக் குறிப்பாணை தராவிட்டால் நீட்டிக்கக் கூடாது என்று அஜய்குமார் சௌத்ரி வழக்கில் 2015-இல் தீர்ப்பு வந்தது. சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பிழைப்பூதியம் வரவேண்டுமென்றால் வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றைக் கோபத்தில் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வகை வழக்கையும் சொல்லியாக வேண்டும். மாணவரை அடித்த புகாரில் "அந்தக் காலத்துல நாங்க வாங்காத அடியா" என்பதை வாதமாக எழுதி எடுத்து வருபவர்கள் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வாதம் ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் முடியும். பாலியல் புகார் என்றால் கதையே வேறு. விஷயம் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் "பள்ளி பெயர் கெட்டுடும்" என்று மூடி வைத்தவர்களும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மாட்டுவார்கள். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. சமாதானம் பேசிவிட்டு என்னிடம் வந்த தலைமை ஆசிரியர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு.

நீதிமன்றத்திடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளர் அல்ல என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988-இலேயே முடிவாகிவிட்டதால் தொழிலாளர் நீதிமன்றக் கதவு அவர்களுக்கு இல்லை. துறைக்குள் மேல்முறையீடு, பிறகு சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு. அங்கேயும் நீதிபதி உங்கள் விசாரணையை மறுபடி நடத்த மாட்டார். முறைப்படி நடந்ததா, தண்டனை அதிர்ச்சி தருமளவுக்கு அதிகமா என்றுதான் பார்ப்பார். ஜெயித்தாலும் பெரும்பாலும், "விட்ட இடத்திலிருந்து மீண்டும் விசாரியுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். கட்சிக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சிலர் வேறு வக்கீலைப் பார்க்கப் போய்விடுவார்கள், அது வேறு விஷயம்.

சைக்கிள் ஆசிரியருக்கும் அதுதான் நடந்தது. ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல் அந்த மூன்று வரியை மட்டும் வைத்து, தொடர் விளைவுடன் ஊதிய உயர்வு நிறுத்தமும் ஏழு சைக்கிளுக்கான பிடித்தமும் விதித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அதற்குள் பணியில் அவருக்கு இளையவர்கள் இரண்டு பேர் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் (பேனல்) ஏறிவிட்டார்கள். இரண்டாவது விசாரணைக்கு நாலு பக்கப் பதில் எழுதினோம். மூன்று சைக்கிள் ஆய்வகத்தின் பின்னறையில் நின்றதற்குத் தணிக்கையாளர் வந்த நாளின் இருப்புக் குறிப்பு. நான்கு மாணவர்கள் டி.சி. வாங்கிப் போனதால், அவர்கள் சைக்கிளை மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னபடி பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பியதற்கு அந்தப் பள்ளியின் ஒப்புகைச் சீட்டு, முத்திரையோடு. சீட்டு எங்கே இருந்தது என்று கேட்டேன். முதல் மெமோ வந்த நாளிலும் அது ஸ்டாஃப் ரூமில் அவருடைய பீரோவிலேயே இருந்திருக்கிறது.