‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற போத்தலை உடம்பில் ஏற்றாதீர்கள்

திருகோணமலையில் மருந்தகம் நடத்தும் என்னிடம் கைபேசியை நீட்டி, "மிஸ், இது கொழுப்பைக் கரைக்குமாம், ஓடர் பண்ணவா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சிலர் காட்டுவது மருந்தே அல்ல. ஆய்வுகூடங்களுக்கு விற்கப்படும் டி.ஓ.பி.சி. (DOPC) என்ற செயற்கைப் பொஸ்போலிப்பிட்டு, அதாவது நம் கலங்களின் உறையில் இருப்பதைப் போன்ற ஒரு கொழுப்புப் பொருள்.

அது அருமையான பொருள்தான். கோலின் உள்ள தலை ஒன்று, ஒலியிக் அமில வால்கள் இரண்டு. தண்ணீர் பட்டால் தானாகவே ஈரடுக்குப் படலமாகிவிடும். நம் கல மென்சவ்வில், அதாவது கலத்தைச் சூழ்ந்த மெல்லிய உறையில், நூற்றுக்கணக்கான லிப்பிட்டுகள் (கொழுப்புப் பொருள்கள்) கலந்திருப்பதால், எது என்ன செய்கிறது என்று பிரித்தறிவது கடினம். அதனால் ஆய்வாளர்கள் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் செயற்கை மென்சவ்வு செய்து பார்க்கிறார்கள். டி.ஓ.பி.சி. படலம் மைனஸ் 17 பாகை செல்சியசுக்கு மேல் இளகியே இருக்கும். அதன் உறவான டி.பி.பி.சி. 41 பாகை வரை இறுகியிருக்கும். இரண்டையும் கொலஸ்ரோலுடன் கலந்தால், படலம் திட்டுத் திட்டாகப் பிரிவதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்.

ஆட்கள் ஏமாறுவது "99 சதவீதம் தூய்மை" என்ற வரியில். அது வேதியியல் தூய்மை மட்டும். கிருமி நீக்கியதா, பற்றீரிய நச்சு இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. குளோரோபோம் என்ற நச்சுக் கரைப்பானில் கரைத்தும் இதை விற்கிறார்கள். அப்புறம், வால்களில் இருக்கும் இரட்டைப் பிணைப்பை ஒட்சிசன் தாக்கும். பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே தாக்கத்தால்தான். மைனஸ் 20 பாகையில் வைக்க வேண்டிய பொருள், கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் பார்சலில் கிடந்து வந்தால் கெட்டுப்போகத்தான் செய்யும்.

"கொவிட் தடுப்பூசியிலும் இதுதானே இருந்தது?" என்றும் கேட்கிறார்கள். பைசர், மொடேர்னா தடுப்பூசிகளில் இருந்தது டி.எஸ்.பி.சி. இதே குடும்பம்தான், ஆனால் மருந்துக்குரிய தரத்தில், கிருமி நீக்கித் தயாரித்தது.

கொழுப்பு கரைக்கும் ஊசிகள் என்று விற்பவற்றில் பொஸ்பற்றிடைல்கோலினுடன் (டி.ஓ.பி.சி.யும் இந்த வகைதான்) டிஒக்சிகோலேற்று என்ற பித்த உப்பும் சேர்த்திருப்பார்கள். அது மென்சவ்வையே உடைக்கும். கொழுப்புக் கலம், தோல் கலம் என்று பார்க்காது. அனுமதி பெறாத இத்தகைய ஊசிகளால் நிரந்தரத் தழும்பு, கடும் தொற்று, வலிக்கும் கட்டிகள் வந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டு, அந்த இடம் சிவந்தோ கட்டிபட்டோ இருந்தால் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால் வைத்தியருக்கு வேலை சுலபம்.