தண்டுக்கலமா, குருத்துக்கலமா?

கொழும்பில் அச்சாகும் சுகாதாரப் பக்கங்களிலும் கையேடுகளிலும் 'புற்றுநோய்த் தண்டுக்கலம்' என்ற தொடர் ஓயாமல் கண்ணில் படுகிறது. கட்டிக்குள் இருந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்ப வளர்க்கும் கலத்தை ஆங்கிலத்தில் 'கேன்சர் ஸ்டெம் செல்' என்பார்கள். ஸ்டெம் என்றால் தண்டு, செல் என்றால் கலம் என்று அகராதியைப் புரட்டி ஒட்டிவிட்டார்கள். தண்டுவடம் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய வாசகர் இதை முதுகெலும்புப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்வார்.

சொல்லின் வேர் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. 1868இல் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 'ஷ்டாம்ட்செல்லே' என்று எழுதினார். 'ஷ்டாம்' அடிமரத்தையும் குறிக்கும், குலவழியையும் குறிக்கும். அவர் மனத்தில் இருந்தது வழிதான்: பலகல உயிர்களுக்கெல்லாம் மூதாதையான ஒருகல உயிர். தன்னையும் புதுப்பித்து வேறு வகைக் கலங்களையும் ஈனும் கலம் என்ற பொருள் பின்னால் நிலைத்தது.

'மூலக்கலம்' என்பாரும் உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும் அது பொருளைக் கெடுக்கிறது. புற்று முதன்முதலில் எந்தக் கலத்தில் தோன்றியது என்பது தனிக் கேள்வி. வளர்ந்த கட்டிக்குள் இருந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்ப வளர்ப்பது எது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே கலமாக இருக்கவேண்டியதில்லை. மூலக்கலம் என்றால் முதற்கேள்வியின் விடை போலவே ஒலிக்கும். போதாக்குறைக்கு மூலகம், மூலக்கூறு என்று பாடநூலில் ஏற்கெனவே நெரிசல்.

குருத்துக்கலம் என்பதே சரி. பனையோலையை எத்தனை முறை வெட்டினாலும் குருத்து இருக்கும்வரை மரம் ஓலை விடும். குருத்துப் போனால் மரம் போயிற்று. கதிர்ச்சிகிச்சையில் சுருங்கிய கட்டி மறுபடி தலையெடுப்பதற்கு ஆய்வாளர் சொல்லும் காரணங்களில் ஒன்று, குருத்துப் போன்ற இக்கலங்கள் உள்ளே தப்பி இருப்பதுதான். கிளியோமா எனும் மூளைப் புற்றைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு, கதிர் சிதைத்த டி.என்.ஏயை இக்கலங்கள் மற்றவற்றைவிடத் திறம்படச் செப்பனிடுவதைக் காட்டியது.

குருத்தெலும்போடு குழம்பும் என்கிறார்கள். இங்கே பிள்ளைகள் அதைக் கசியிழையம் என்றுதான் படிக்கிறார்கள்.

அடுத்த தவறு, கதிர்ச்சிகிச்சைக்கு மசியாத கட்டியின் தன்மையை 'கட்டியின் எதிர்ப்புச் சக்தி' என்பது. நோயாளியிடம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டச் சொல்கிறோம். அதே சொல்லைக் கட்டிக்கும் கொடுத்தால், மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் எதை நல்லதென்று எடுப்பார்? 'கதிர் தாங்குதிறன்' என்று எழுதினால் ஐயமில்லை. மொழிபெயர்ப்போர் சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள்; அது குறிக்கும் பொருளை ஒரு மருத்துவரிடம் கேட்பதில்லை. அச்சுக்கு அனுப்புமுன் நோயாளியின் உறவினர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன விளங்கியது என்று கேட்பதுமில்லை.