கையெழுத்து வைக்க முதல் கேட்க வேண்டியவை

"எங்களில மருந்து சோதிச்சுப் பார்க்கப் போறீங்களா?" மருத்துவ ஆய்வில் சேருங்கள் என்று வாய் திறந்தாலே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதலில் வரும் கேள்வி இது. நல்ல கேள்விதான். அப்படிக் கேட்பவரைவிட, "டொக்டர் சொன்னால் சரி" என்று சம்மதத் தாளைப் பார்க்காமலே கையெழுத்து வைப்பவரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

படுவான்கரை வயலில் பாம்பு கடித்து வருபவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வருவது அடிக்கடி நடப்பது. அதைத் தடுக்க முன்கூட்டியே எதைக் கொடுக்கலாம் என்று இலங்கையிலேயே 1007 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிறிதளவு அட்ரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைத்தது. கூடவே சோதித்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் பயன் தரவில்லை. அந்த 1007 பேர் சேர்ந்திராவிட்டால் இது தெரிய வந்திராது.

ஆய்வொன்றில் சேர அழைத்தால், அதை விளக்கும் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். அவசர நிலை இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். கைநாட்டு வைப்பவராயின், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும். ஆய்வு நியாயமாக நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, எத்தனை தடவை வர வேண்டும், பஸ் காசு யார் தருவது, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? எல்லாவற்றுக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும். இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குரிய எண்ணையும் கேளுங்கள். இணையத்தில் எவரும் பார்க்கலாம். எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்: 5 மில்லிலீற்றர் என்றால் ஒரு தேக்கரண்டி.

பல ஆய்வுகளில் யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினிக் குலுக்கலே தீர்மானிக்கும். உங்கள் மருத்துவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இதை விளங்காமல் சேர்ந்தவர்தான் பிறகு ஏமாந்ததாகக் கோபப்படுகிறார்.

சேர்ந்த பின் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். அறுவடைக் காலத்தில் வராமல் விடுவார்கள். கசாயம் குடித்ததை மறைப்பார்கள். நோன்புக் காலத்தில் பகல் குளிசையைத் தாங்களாகவே இரவுக்கு மாற்றுவார்கள். முதலே சொன்னால் பெரும்பாலும் வழி கிடைக்கும். விலக விரும்பினால் எந்த நேரமும் விலகலாம், வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள், சில மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது.

உங்களுக்குத் தரும் தாளின் பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். இரவில் வேறு வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், குலுக்கலில் விழுந்த மருந்து எதுவென்று அறிய அங்குள்ளவர்கள் அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்குத்தான் அழைப்பார்கள்.