ஒரே தாது, இரண்டு உலைகள்: யவாடாவில் இரும்பு உருகிய கதை

“மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பான் அண்டை நாடுகள்மேல் கை வைக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாக முன்னேறியிருக்குமா? ஏகாதிபத்தியத்தால் அதற்கு உண்மையில் என்ன கிடைத்தது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். துணி, கப்பல், ரயில், வங்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடை கிடையாது. இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டால் வரவும் செலவும் ஓரளவு துலக்கமாகத் தெரியும். சீனாவில் யாங்சியும் ஹான் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிற ஹான்யாங் இரும்பாலை 1894இல் தன் ஊது உலையை மூட்டியது. ஜப்பானில் கியூஷு தீவின் வடகரையில் இருக்கிற யவாடா அரசு உருக்காலை 1901 பிப்ரவரி 5 அன்று மூட்டியது. இரண்டுக்கும் தாது ஒரே இடத்திலிருந்துதான் வந்தது: ஹூபே மாகாணத்தின் டாயே சுரங்கம்.

முதல் சில ஆண்டுகளில் இரண்டு ஆலைகளுமே தடுமாறின. தடுமாற்றத்துக்குக் காரணம் வேதியியல். பிறகு ஒன்று நிமிர்ந்ததற்கும், மற்றது அதற்குத் தாது அள்ளிக்கொடுக்கும் நிலைக்கு வந்ததற்கும் காரணம் அரசியல்.

ஊது உலையின் அடிப்படை பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். மேலே இருந்து தாது, கல்கரி (நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கிப் பெறும் ‘கோக்’), சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டுகிறோம். கீழே இருந்து சூடான காற்றை ஊதுகிறோம். ஊதுகுழாய் முனையில் கல்கரி எரிந்து, வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது. அங்கே உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் சூடான கல்கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகிறது. அந்த வாயு மேலே ஏறும்போது தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு மிஞ்சுகிறது. மண்ணும் சாம்பலும் சுண்ணாம்போடு சேர்ந்து கசடாகி, உருகிய இரும்பின்மேல் மிதக்கும்.

பாடநூல் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஊது உலையில் கல்கரிக்கு மூன்று வேலை. அது எரிபொருள், ஆக்சிஜனைப் பிடுங்கும் வாயுவின் மூலப்பொருள். மூன்றாவது வேலைதான் அதிசயம்: அது உலையைத் தாங்கும் எலும்புக்கூடு. தாது இறங்க இறங்கச் சூடேறி, சுமார் 1,100 டிகிரியில் இளகத் தொடங்குகிறது. 1,400 டிகிரியை எட்டுவதற்குள் இரும்பும் கசடும் திரவமாகிவிடும். அந்த இடத்துக்குக் கீழே உலைக்குள் திடமாக நிற்கும் பொருள் கல்கரி ஒன்றே. மேலே குவிந்திருக்கும் அத்தனை டன் சுமையையும் அந்தக் கருப்புத் துண்டுகள்தான் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. துண்டுகளுக்கு இடையே உள்ள இடுக்குகள் வழியாகத் திரவ இரும்பு கீழே சொட்டுகிறது. அதே இடுக்குகள் வழியாகத்தான் காற்றும் மேலே ஏற வேண்டும். சுமை மேலிருந்து கீழே வர ஆறேழு மணி நேரமாகும். வாயுவோ சில நொடிகளில் உலையைக் கடந்துவிடும். எதிரெதிர்த் திசையில் போகும் இந்த இரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று மறிக்காமல் இருப்பது கல்கரியின் உறுதியால்தான்.

கல்கரி நொறுங்கினால் என்ன நடக்கும்? பொடி இடுக்குகளை அடைக்கிறது. வாயு எல்லா இடத்திலும் சீராக ஏறாமல், ஒரு பக்கமாக வழி கண்டுபிடித்துப் பாய்கிறது. அந்தப் பக்கம் அதிகமாகச் சூடேற, மறுபக்கம் குளிர்கிறது. பாதி இளகிய தாது சுவரில் ஒட்டிப் பாலம்போல் நின்றுவிட, மேலே உள்ள சுமை இறங்காமல் தொங்கும். கீழே உள்ளது எரிந்து தீர்ந்ததும் அந்தச் சுமை திடீரென்று சரிந்து விழும். சூடேறாத தாது நேராக உலையின் அடியில் உள்ள அடுப்பில் போய் விழுவதால் அடுப்பு குளிரும், கசடு கெட்டிப்படும், இரும்பை வெளியே விடும் துளை உறைந்து அடைபடும்.

யவாடாவில் நடந்தது இதுதான். ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் இருந்த குட்டஹோஃப்னுங்ஸ்ஹூட்ட நிறுவனம் நாளொன்றுக்கு 160 டன் என்ற கணக்கில் உலையை வடிவமைத்துக் கொடுத்தது. ரூர் பள்ளத்தாக்கின் உறுதியான கல்கரியைப் பார்த்துப் பழகியவர்களின் வடிவமைப்பு அது. யவாடாவுக்குப் பக்கத்தில் கிடைத்ததோ சிக்குஹோ நிலக்கரி. நல்ல கல்கரியாவதற்கு நிலக்கரி சுமார் 350 முதல் 500 டிகிரிக்குள் இளகிப் பிசினாகி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு இறுக வேண்டும். சிக்குஹோ நிலக்கரிக்கு அந்த ஒட்டும் தன்மை குறைவு, சாம்பலும் அதிகம். ஒரு டன் இரும்புக்கு 1,000 கிலோ கல்கரி போகிறதென்று வைத்துக்கொள்வோம். சாம்பல் 10% என்றால் 100 கிலோ மண்ணை உருக்கிக் கசடாக்க வேண்டும். 20% என்றால் 200 கிலோ. அதை உருக்கக் கூடுதல் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பைச் சூடாக்கக் கூடுதல் கல்கரி வேண்டும். அந்தக் கல்கரியோடு இன்னும் சாம்பல் வந்து சேரும். முறையான கல்கரிச் சூளைகள் தயாராகும் முன்பே உலையை மூட்டிவிட்டார்கள் என்பது இன்னொரு தவறு. வடிவமைத்த அளவில் பாதியளவே இரும்பு வந்தது. நட்டம் ஏற ஏற, 1902 ஜூலையில் உலையை அணைத்துவிட்டார்கள்.

உலோகவியலாளர் நோரோ காகெயோஷியிடம் சிக்கல் போனது. அவர் வடகிழக்கு ஜப்பானின் கமாய்ஷி ஆலையில் 1894இல் உள்நாட்டுக் கல்கரியை வைத்து இரும்பு எடுப்பதற்கு வழிகாட்டியவர். நிலக்கரியைக் கழுவிச் சாம்பலைக் குறைப்பது, சூளைகளைச் சரிசெய்வது, தாதுவும் சுண்ணாம்பும் கலக்கும் விகிதத்தை மறுபடி கணக்கிடுவது என்று வேலை நடந்தது. 1904 ஏப்ரல் 6 அன்று மீண்டும் மூட்டினார்கள். 17 நாளில் உலை நின்றுபோனது. பிறகு உலையின் கீழ்ப்பகுதியின் உள்வடிவத்தையே மாற்றிக் கட்டினார்கள். ஜூலை 23 அன்று மூன்றாம் முறை மூட்டியபோதுதான் இரும்பு சீராக ஓடத் தொடங்கியது.

தேதியைக் கவனியுங்கள். 1902 முதல் 1904 வரை உலை அணைந்தே கிடந்தது. ரஷ்யாவோடு போர் 1904 பிப்ரவரியில் தொடங்கியதும் அவசரமாக மூட்டினார்கள். ஓர் உலையின் உள்வடிவத்தைச் சோதித்துப் பார்க்கத் தேவைப்பட்ட தொகை, ஒரு போர்க்கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. போர் வந்தால்தான் ஆய்வுக்குப் பணம் வரும் என்ற வழக்கம் எந்த நாட்டில் இருந்தாலும் கேடு என்றே நான் நினைக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். 1895 ஏப்ரல் 17 அன்று கையெழுத்தான ஷிமொனோசெகி உடன்படிக்கைப்படி, 1894–95 போரில் ஜப்பானிடம் தோற்ற சீனா 20 கோடி டேல் (சீன எடை அலகு) வெள்ளி இழப்பீடு கட்ட வேண்டும். லியாவோடோங் தீபகற்பத்தை ஜப்பான் திருப்பித் தந்ததற்கு மேலும் 3 கோடி. அன்றைய சீன அரசின் ஆண்டு வருமானம் 10 கோடி டேலுக்கும் குறைவு. ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கித்தான் கட்ட முடிந்தது. ஜப்பானுக்கு அது சுமார் 36 கோடி யென்; லண்டனில் பவுண்டுகளாகக் கைக்கு வந்தது. அதை அடித்தளமாக வைத்தே 1897இல் ஜப்பான் நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைக்கும் தங்கத் திட்டத்துக்கு மாறியது. இதனால் வெளிநாட்டில் எந்திரம் வாங்குவதும் கடன் திரட்டுவதும் எளிதாயின. இது உண்மையான ஆதாயம், மறுக்க முடியாது.

“யவாடா சீனப் பணத்தில் கட்டப்பட்டது” என்ற வாசகம் பல இடங்களில் வரும். கணக்கைப் பார்த்தால் இழப்பீட்டிலிருந்து உருக்காலைக்கென்று நேரடியாக ஒதுக்கியது சுமார் 5,80,000 யென். 36 கோடியில் அது ஆயிரத்துக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் படைக்கும் போர்ச் செலவுக்கும் போனது. ஆலையின் செலவில் பெரும்பகுதி அரசின் வரவுசெலவிலிருந்தும் கடன் பத்திரங்களிலிருந்தும் வந்தது. ஆக, போர் தந்த பணத்தில் தொழிலுக்குச் சிதறிய துளி சிறியது. நட்டம் வந்தாலும் இரண்டாண்டு தாக்குப்பிடித்து மறுபடி முயலும் தெம்பைத்தான் அந்தப் பணம் ஜப்பானுக்கு மறைமுகமாகத் தந்தது.

அந்தத் தெம்பு ஹான்யாங்குக்கு இல்லை. ஜாங் ஜிடோங் என்ற ஆளுநர் தொடங்கிய அந்த ஆலை யவாடாவுக்கு ஏழாண்டு மூத்தது. அதன் சிக்கல் பாஸ்பரஸ். தாதுவில் உள்ள பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் ஊது உலையில் இரும்போடு சேர்ந்துவிடும். அடுத்த கட்டத்தில், இரும்பை உருக்காக மாற்றும்போதுதான் அதை அகற்ற முடியும். அதற்குச் சுண்ணாம்பு போட்டு, பாஸ்பரஸைக் கால்சியம் பாஸ்பேட்டாகக் கசடுக்குள் இழுக்க வேண்டும். ஹான்யாங் வாங்கியிருந்த பெஸ்ஸிமர் கலன்களின் (உருகிய இரும்பில் காற்றை ஊதி உருக்காக்கும் கலன்கள்) உட்பூச்சு சிலிக்காவால் ஆனது. அமிலத் தன்மை கொண்ட அந்தப் பூச்சு உள்ள கலனில் சுண்ணாம்பைப் போட்டால், அது பூச்சையே அரித்துவிடும். அதனால் பாஸ்பரஸ் அப்படியே தங்கியது. 0.1 விழுக்காட்டைத் தாண்டினாலே குளிரில் உருக்கு நொறுங்கும். அதில் தண்டவாளம் செய்ய முடியாது. டாயே தாதுவை முன்கூட்டியே சோதனைக்கு அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். 1904இல் ஆலையின் பொறுப்பாளர்கள் மேல்நாடு போய்த் தாதுவைச் சோதித்த பிறகே காரணம் பிடிபட்டது. காரத்தன்மை கொண்ட உட்பூச்சுடன் திறந்த அடுப்பு உலைகள் 1907இல் இயங்கத் தொடங்கின.

அந்தப் புது உலைகளுக்கான பணம் ஜப்பானிடமிருந்து வந்தது. ஆண்டுக்கு 50,000 டன் தாது யவாடாவுக்குத் தருவதாக 1899லேயே ஒப்பந்தம் இருந்தது. 1904 ஜனவரியில் ஜப்பான் 30 லட்சம் யென் கடன் கொடுத்தது: வட்டி 6%, தவணை 30 ஆண்டு, திருப்பிக் கட்டுவது தாதுவாக. முதல் தரத் தாதுவின் விலை டன்னுக்கு 3 யென் என்று பத்தாண்டுக்கு நிலைநிறுத்தினார்கள். 1913இல் இன்னொரு கடன், இம்முறை 1.5 கோடி யென். 1915இல் ஜப்பான் சீனாவிடம் வைத்த இருபத்தொரு கோரிக்கைகளில் ஒரு பகுதி முழுவதும் ஹான்யேபிங் என்று பெயர் மாறியிருந்த இந்த நிறுவனத்தைப் பற்றியது. முதல் உலகப் போரில் இரும்பு விலை பல மடங்கு ஏறியபோது, கடனுக்குக் கட்டுப்பட்ட ஹான்யேபிங்கால் அந்த விலையேற்றத்தின் முழுப் பயனைப் பெற முடியவில்லை. 1920களில் ஹான்யாங்கின் உலைகள் அணைந்தன. டாயே தாதுவின் கப்பல்கள் மட்டும் யவாடாவுக்குப் போய்க்கொண்டே இருந்தன.

ஆதாயம் யாருக்கு என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். மலிவான தாதுவால் யவாடா ஆலை வளர்ந்தது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு 12 மணி நேர முறை தொடர்ந்தது. 1920 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்து, உலைகள் நின்ற பிறகே நேரம் குறைந்தது.

சிக்குஹோவின் ஒட்டாத நிலக்கரி ஜப்பானை விடவில்லை. நல்ல ஒட்டும் நிலக்கரியைக் கலந்தால்தான் பெரிய உலைகளுக்கு ஏற்ற உறுதி கிடைக்கும். அது வட சீனாவிலும் மஞ்சூரியாவிலும் கிடைத்தது. கலப்புக்குத் தேவையான நிலக்கரியை விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். பல நாடுகள் அப்படித்தான் செய்தன. ஜப்பானிய ஆட்சியாளர்கள் சுரங்கத்தையே கைக்குள் வைத்திருக்க விரும்பினார்கள். அப்படி வைத்திருந்த மஞ்சூரியாவின் பென்சி சுரங்கத்தில் 1942 ஏப்ரல் 26 அன்று வாயுவும் நிலக்கரித் தூசும் வெடித்தன. தீ பரவாமல் தடுக்கக் காற்றோட்டத்தை நிறுத்தினார்கள். 1,549 பேர் இறந்தார்கள். வெடிப்பைவிடக் கார்பன் மோனாக்சைடு மூச்சடைத்துச் செத்தவர்களே மிகுதி என்று போருக்குப் பிறகு நடந்த சோவியத் விசாரணை சொன்னது. உலகச் சுரங்க வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்து இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இரும்பு போதவில்லை. உருக்கு உற்பத்தியில் கணிசமான பங்குக்கு ஜப்பான் அமெரிக்கப் பழைய இரும்பை நம்பியிருந்தது. சீனாவில் போரை விரித்து, இந்தோசீனாவில் நுழைந்ததால், 1940 அக்டோபரில் அமெரிக்கா அதை நிறுத்தியது. இரும்புக்காக விரித்த எல்லையே இரும்பின் வரவை அடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் புதுத் தண்டவாளம் இல்லாமல், மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். யவாடாவும் தப்பவில்லை. 1944 ஜூன் 15 இரவு, ஜப்பானின் பெருந்தீவுகள்மேல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் நடத்திய முதல் தாக்குதலின் இலக்கு இந்த ஆலைதான். விமானங்கள் சீனாவின் செங்டு பகுதியிலிருந்து கிளம்பின.

யவாடாவின் பழைய கட்டடங்கள் சில 2015இல் மெய்ஜி தொழிற்புரட்சித் தலங்களின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 1940களில் கொரியர் உள்ளிட்ட பலர் இந்தத் தலங்கள் சிலவற்றுக்கு விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு, கடுமையான சூழலில் வேலை வாங்கப்பட்டதை ஜப்பான் அப்போது ஒப்புக்கொண்டு, அதை விளக்கும் மையம் அமைப்பதாகவும் சொன்னது. டோக்கியோவில் அமைந்த மையத்தில் அந்த விளக்கம் போதாது என்று 2021 ஜூலையில் உலகப் பாரம்பரியக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது. 2018 அக்டோபரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம், யவாடாவின் வழிவந்த நிறுவனம் முன்னாள் தொழிலாளர் நால்வர் தொடர்ந்த வழக்கில் தலா 10 கோடி வோன் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அவர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார்.