ஹீற்றர் பிளக்கை மாற்ற முன் வயரைப் பாருங்கள்

மார்கழி, தை விடியலிலும் யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே போவது குறைவு. கனடாவில் இருக்கும் உறவினர் இதைக் கேட்டால் சிரிப்பார். அங்கே மறை 25 பாகைக் குளிரில் டீசல் ட்ரக்கை இரவிரவாக வீட்டு மின்சாரத்தில் செருகி, இஞ்சின் புளொக்குக்குள் இருக்கும் ஹீற்றரால் கூலன்றை, அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் நீரை, சூடாக வைத்திருப்பார்கள். இங்கே அந்தத் தேவை இல்லை. ஆனாலும் பழைய டொல்பின் வான் (ரொயோற்றா ஹையேஸ்) காலையில் நெடுநேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, ஸ்ராட் வராமல் நிற்கத்தான் செய்கிறது.

டீசல் இஞ்சினில் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. காற்றை நெரித்தே சூடாக்குகிறது. டொல்பினில் வரும் 3எல் ரக இஞ்சின் காற்றை ஏறக்குறைய 22இல் ஒரு பங்காக நெரிக்கும். ஓடிச் சூடேறிய இஞ்சினில் அந்தக் காற்று 500 பாகையைத் தாண்டும். டீசல் விழுந்தவுடன் பற்றும். குளிர்ந்து கிடக்கும் இஞ்சினை ஸ்ராட்டர் மெதுவாகச் சுற்றும்போது பிஸ்ரன் றிங் வழியே காற்றுக் கசிகிறது, மிஞ்சிய சூட்டை இரும்பு இழுத்துவிடுகிறது. போதாததற்கு இந்த வகை இஞ்சினில் டீசல் நேரே பிஸ்ரனின் மேல் விழாமல், ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன முன்னறைக்குள் பீச்சப்படுகிறது. அறை சிறிது, ஆனால் அதன் அளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம். அதற்கு 25 பாகையும் குளிர்தான்.

அந்த முன்னறைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு, ஸ்ராட்டுக்கு முன் மின்சாரத்தால் செஞ்சூடாவதுதான் ஹீற்றர் பிளக். கணக்குப் பார்த்தால் அது செய்யும் வேலை வியப்பாக இருக்கும். நாலு பிளக், ஒவ்வொன்றும் 12 அம்பியர், 11 வோல்ற் என்றால் கிட்டத்தட்ட 530 வாற்று. 10 செக்கனுக்கு 5,300 யூல். 750 வாற்று புளொக் ஹீற்றர் ஒன்று மூன்று மணித்தியாலத்தில் கொடுப்பது 81 இலட்சம் யூல். ஆயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம். புளொக் ஹீற்றர் இரும்பு முழுவதையும் சூடாக்குகிறது. பிளக் டீசல் தெறிக்கும் ஒரு புள்ளியை மட்டும் செஞ்சூடாக்குகிறது. 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்குச் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்தது இந்த ஊருக்கு மறந்திருக்காது. அதுவும் முதல் வெடிப்புக்கு மட்டும் கைகொடுக்கும் உத்திதான்.

பிளக் கொடுக்கும் சூடு இவ்வளவு சொற்பமானதால் அதில் கொஞ்சம் குறைந்தாலும் காரியம் கெட்டுவிடும். உப்புக்காற்று கெடுப்பது பெரும்பாலும் பிளக்கை அல்ல, அதற்கு மின்சாரம் வரும் வழியை. பற்றரி முனை, பியூஸ் இணைப்பு, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் தொடுக்கும் சுவிட்ச்), பிளக்குகளைச் சேர்க்கும் தகடு, திரும்பிப் போக இஞ்சினிலிருந்து வரும் எர்த் பட்டி என எல்லாமே மூட்டுக்கள். 50 அம்பியர் ஓடும்போது ஒரு மூட்டின் பச்சைக் களிம்பில் 0.04 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ற் போய்விடும். 11 வோல்ற் வரவேண்டிய பிளக்குக்கு 9 வந்தால், சூடு வோல்ற்றின் வர்க்கத்தோடு குறைவதால், மூன்றில் ஒரு பங்கு இழப்பு. நாலு பிளக்கையும் புதிதாக வாங்கிப் போட்டும் வான் ஸ்ராட் வராததன் இரகசியம் இதுதான்.

முதலில் புகையைப் பாருங்கள். சுற்றும்போது கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. ஹீற்றரை விட்டுவிட்டு, குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா, பம்பில் டீசலைத் திறந்து அடைக்கும் நிறுத்து சொலினோயிட் (மின்வால்வு) வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஸ்ராட் வந்து அரை நிமிடம் உதறிவிட்டுச் சீரானால் ஒரு பிளக் செத்திருக்கக்கூடும்.

பிறகு சாவியை ஹீற்றர் நிலையில் போட்டு, தகட்டுக்கும் இஞ்சின் இரும்புக்கும் இடையே வோல்ற் அளவுங்கள். 11 அளவில் இருந்தால் வழி நல்லது. ரிலே ‘டக்’ என்று சத்தமிட்டும் ஒன்றும் வராவிட்டால் அதன் தொடுமுனை கருகியிருக்கும், அல்லது பியூஸ் போயிருக்கும். குறைவாக வந்தால் மூட்டு மூட்டாகத் தேடவேண்டும். பற்றரி மறைமுனைக்கும் இஞ்சின் இரும்புக்கும் இடையே அளக்க மறக்க வேண்டாம்; 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டிதான் கள்வன். பிளக்குகளைச் சோதிக்கத் தகட்டைக் கழற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நல்ல பிளக் கெட்டதை மறைத்துவிடும். நல்ல பிளக் குளிரில் ஒரு ஓம் அளவு அல்லது அதற்குக் குறைவாகக் காட்டும். மீற்றர் வயரின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

புது வயர் இழுப்பதென்றால் 10 சதுர மில்லிமீற்றர் பல்லிழை வாகன வயர். 2 மீற்றரில் 50 அம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ற் கூட வராது. வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 வயரைப் போட்டால் 0.7 வோல்ற் போவதோடு வயரே சூடேறும். விறைத்த செம்பு அதிர்வில் முறியும். 80 அம்பியர் பியூஸ் இணைப்பு பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், அதற்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. எக்சோஸ்ற் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுபோங்கள். இன்ஜெக்ரர் குழாய்களில் கட்டுவது வழக்கத்தில் உள்ள பிழை: அவற்றின் அதிர்வு வயரின் தோலை அரைத்துவிடும். இஞ்சின் மவுண்டில் ஆடும், பொடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு தளர்வாக விடவேண்டும். தகரத்தைக் கடக்கும் இடத்தில் இறப்பர் வளையம். முனைக்கு லக் எனும் உலோகக் காது போட்டு நன்றாக நெரியுங்கள். ஈயம் மட்டும் ஊற்றினால் அது இழைகளுக்குள் ஏறி விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் அறும். பற்றரி முனையின் களிம்பை அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, காயவிட்டு, இறுக்கிய பிறகு வசலின் பூசுங்கள்.

டாஷ்போர்ட்டில் அழுத்துபட்டன் வைத்து நேரே கொடுப்பது கராச்சுகளில் பழகிப்போன குறுக்குவழி. பட்டன் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் பாதகமில்லை. 50 அம்பியரும் அதனூடாகப் போனால் உருகும். சில வாகனங்களுக்கு 6 வோல்ற் பிளக். அதற்கு நேரே 12 கொடுத்தால் செக்கன் கணக்கில் எரிந்துபோகும். அளவுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் பிளக்கின் நுனி வீங்கி, கழற்றும்போது முறிந்து முன்னறைக்குள் விழலாம். பிறகு ஹெட்டைத்தான் கழற்றவேண்டிவரும். ஸ்ராட் எடுக்க அடிக்கும் ஈதர் ஸ்பிரேயை ஹீற்றர் போட்ட இஞ்சினுக்குள் அடிக்கவே கூடாது, செஞ்சூட்டில் அது உள்ளேயே வெடிக்கும். ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்ரருக்கும் டீசல் போகும் புதிய கொமன் றெயில் வாகனங்களில் பிளக்கைக் கணினி கட்டுப்படுத்துகிறது. பல 5 வோல்ற் அளவிலானவை. அங்கே பற்றரி வயரால் சோதிப்பதே ஆபத்து.

வேலை முடிந்து ஸ்ராட் வந்ததும் தகட்டில் மறுபடி வோல்ற் அளவுங்கள். சில இஞ்சின்களில் ஹீற்றர் இரண்டொரு நிமிடம் தொடர்ந்து எரியும், அதற்குப் பொறுக்கலாம். அதன் பிறகும், சாவியை எடுத்த பின்னும் 12 காட்டிக்கொண்டே இருந்தால் ரிலேயின் தொடுமுனை ஒட்டிப்போய்விட்டது. ஹோர்னுக்குப் போடும் 30 அம்பியர் ரிலேயை இந்த இடத்தில் போட்டால் அதுதான் நடக்கும். உடனே பற்றரி முனையைக் கழற்றிவிட்டு, 70, 80 அம்பியர் தாங்கும் ரிலே ஒன்றைப் போடுங்கள்.