உருகும் வெண்ணெயும் உருகாத மார்ஜரினும்

இராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ டீக்கடையில் பன் பட்டர் ஜாம் வாங்கினால், அதில் தடவியிருப்பது பாலில் கடைந்த வெண்ணெயா, தாவர எண்ணெயில் செய்த மார்ஜரினா என்பதைக் கோடை வெயிலே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் வெண்ணெய் இளகி ஓடும். சில மார்ஜரின்களோ கலையாமல் நிற்கும். அப்படி நிற்பதைத் தரத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். தினமும் உண்பவருக்கு அது எச்சரிக்கையாகவே பட வேண்டும்.

அமைப்பில் இரண்டும் ஒன்றுதான். ஆவின் பாலகத்தில் வாங்கும் வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு பால்கொழுப்பும், ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீரும் இருக்கும். மார்ஜரினிலும் ஏறத்தாழ அதே அளவுதான். தண்ணீர் நுண்துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறிக் கிடக்க, கெட்டியான கொழுப்புப் படிகங்கள் அத்துளிகள் ஒன்று சேராமல் தடுக்கின்றன. மார்ஜரினில் இந்த வேலைக்குத் துணையாக லெசித்தின் போன்ற பொருள்களைச் சேர்ப்பார்கள்.

அந்தப் படிகங்கள் எதனால் உருவாகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களின் சங்கிலிகள் நேரானவை. ஆகவே வெட்டி அடுக்கிய விறகுபோல நெருங்கிப் படிந்து கெட்டியாகின்றன. நிறைவுறாத அமிலங்களின் சங்கிலிகளில் இயற்கையான வளைவு உண்டு என்பதால் அவை நெருங்க முடியாமல் எண்ணெயாகவே இருக்கின்றன. பால்கொழுப்பில் நானூறுக்கும் மேற்பட்ட கொழுப்பு அமிலங்கள் கலந்திருப்பதால், வெண்ணெய் ஒரே நொடியில் உருகாமல் படிப்படியாக இளகி, 35 டிகிரி அளவில் முழுதும் உருகிவிடுகிறது. நாக்கில் வைத்ததும் கரையும் அந்தச் சுகம் இதனால்தான் வாய்க்கிறது.

சூரியகாந்தி எண்ணெயை அப்படியே பன்னில் தடவ முடியாது. அதைக் கெட்டியாக்க வேண்டும். 1902இல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் காப்புரிமை பெற்ற ஹைட்ரஜனேற்றம், அதாவது எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்து வளைந்த சங்கிலிகளை நிறைவுற்ற நேரான சங்கிலிகளாக்கும் முறை, அதற்கு வழி செய்தது. நம் ஊரின் டால்டாவும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஹைட்ரஜனேற்றத்தைப் பாதியில் நிறுத்தும்போது, மீதமிருக்கும் வளைவுகளில் சில நிமிர்ந்து, டிரான்ஸ் கொழுப்பாக மாறிவிடுகின்றன. அது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை உயர்த்துவதோடு, நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும் குறைக்கிறது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் உணவு எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மிக அவசியமான விதி இது.

டிரான்ஸ் கொழுப்பு விலகிய இடத்தில் பெரும்பாலும் பாமாயில் வந்து அமர்ந்தது. அதன் கொழுப்பில் பாதியளவு நிறைவுற்றது, அதுவும் எல்டிஎல்லை உயர்த்தக்கூடியதுதான். பால் கலக்காத 'வீகன்' வெண்ணெய்கள் சிலவற்றில் உள்ள தேங்காய் எண்ணெயிலோ நிறைவுற்ற கொழுப்பு 80 விழுக்காட்டைத் தாண்டும். 100 கிராம் வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 50 கிராம் அளவில் இருக்கும்போது, பால் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை இதயத்துக்கு நல்லவை என்று கொள்ள முடியாது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் நிறைவுற்ற கொழுப்பை ஏறக்குறைய 22 கிராமுக்குள் வைத்துக்கொள்வது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு பன்னில் 15 கிராம் வெண்ணெய் தடவினால், அந்த 22 கிராமில் மூன்றில் ஒரு பங்கு காலை டீயோடு தீர்ந்துவிடும்.

ஆகையால் என்றைக்கோ ஒருநாள் உண்பவர் வெண்ணெயையே அதன் மணத்துக்காக நிம்மதியாக உண்ணலாம். தினமும் ரொட்டியில் தடவுபவருக்கு, டப்பாவில் வரும், குளிர்சாதனப் பெட்டியில்கூட மிருதுவாக இருக்கும் பூச்சே மேலானது. மூலப்பொருள் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும் என்பதால், எந்த எண்ணெய் முன்னால் நிற்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் சர்க்கரையும் பாமாயிலும் சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெயைச் சொல்வேன். 100 கிராமில் 50 கிராம் கொழுப்பு இருந்தாலும் அதில் நிறைவுற்றது ஏறத்தாழ 10 கிராம்தான். புரதம் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கிறது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களின் நிலை வேறு. வெண்ணெயில் பால் சர்க்கரையான லாக்டோஸ் மிகச் சொற்பம் என்பதால், லாக்டோஸ் செரிக்காதவர்கள் பலருக்குச் சிறிதளவு வெண்ணெய் தொந்தரவு தருவதில்லை. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ அந்தச் சிறிதளவும் ஆபத்தாகலாம். பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே குறிக்கிறது, பாலும் அதில் அடங்கும். எனவே தாவரப் பூச்சு என்று எழுதியிருந்தாலும் பால் திடப்பொருள், பாலிலிருந்து வரும் கேசின், வே ஆகிய சொற்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே வாங்க வேண்டும்.