வீடு பார்க்கும்போதே கல்லூரியையும் பாருங்கள்

சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கம்யூனிட்டி காலேஜ் என்று நாம் வீட்டில் சொல்லும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், டெட்ராய்ட்டிலிருந்தும் டாலஸிலிருந்தும் வேலை மாறி வந்த நம் குடும்பங்கள் என் அறைக்கு வரத் தொடங்கும். மகனோ மகளோ அப்போதுதான் பள்ளி முடித்திருப்பார், அல்லது பழைய ஊரில் ஓராண்டு கல்லூரியில் படித்திருப்பார். சில நேரங்களில் எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் அம்மாவே படிக்க விரும்புவார். வாடகை ஒப்பந்தம் போட்டு, பெட்டிகளையெல்லாம் பிரித்து அடுக்கிய பிறகுதான் கல்லூரியைப் பற்றி யோசித்திருப்பார்கள். "வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் காலேஜ் இருக்கிறது?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அது கேட்கக் கூடாத கேள்வி அல்ல. ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது குடியிருப்புத் தகுதி. கலிஃபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. மாநிலத்தில் குடியிருப்பவர் என்ற தகுதி இருந்தால் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, 46 டாலர்தான் கட்டணம். 12 யூனிட் எடுப்பவருக்கு, இதர சிறு கட்டணங்கள் நீங்கலாக, 552 டாலர். அந்தத் தகுதி இல்லாதவருக்கு, பெரும்பாலான இடங்களில், ஒரு யூனிட்டுக்கே 300 டாலருக்கு மேல் ஆகிறது. தகுதி பெற, வகுப்புகள் தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். இங்கேயே நிலைத்து வாழும் எண்ணம் இருப்பதை ஆவணங்களாலும் காட்ட வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோரின் குடியிருப்பே கணக்கு. எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களும் இந்தத் தகுதியைப் பெறலாம் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. எஃப்-1 மாணவர் விசாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிள்ளைகளுக்கு எச்-4 விசா 21 வயது வரைதான்; ஆகவே அந்த வயதை நெருங்குபவர்கள் எஃப்-1க்கு மாறும்போது கட்டணமும் மாறக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் ரப்பர் பேண்டு போட்ட கோப்பு ஒன்றுடன் என் எதிரில் வந்து அமர்ந்தார். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீதுகள், பிள்ளையின் தடுப்பூசி அட்டை என எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். வந்து 16 மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் காலாவதியாகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதால் ஓட்டுநர் உரிமம் மிச்சிகனுடையதாகவே இருந்தது; காரின் பதிவும் அங்கேதான்; முந்தைய ஆண்டின் வரியையும் அங்கே வசிப்பவர்களாகவே தாக்கல் செய்திருந்தார்கள். அவர் விண்ணப்பித்த கல்லூரி அந்தப் பருவத்துக்குத் தகுதியை மறுத்துவிட்டது. எடுக்க நினைத்த நான்கு பாடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் மீண்டும் ரப்பர் பேண்டைப் போட்டு எழுந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குடியேறிய 10 நாட்களுக்குள் உரிமத்தை மாற்ற வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அதைச் செய்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்திருக்கும்.

டெக்சஸில் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் தகுதி இருந்தால் எந்த மாவட்டக் கல்லூரியிலும் ஒரே கட்டணம். அங்கேயோ கல்லூரிகளுக்குச் சொத்து வரியின் ஒரு பங்கு போவதால், அந்த வரி எல்லைக்குள் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளியில் வசிப்பவருக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம். தமிழர்கள் அதிகம் குடியேறும் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) விரிந்து கிடக்கிறது. அதே நகரப் பெயரைக் கொண்ட இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் காலின் கல்லூரியின் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். வீடு பார்க்கும்போது பள்ளி மாவட்டத்தை விசாரிக்கிற நாம் இதையும் விசாரிக்கலாம்.

அடுத்தது, படித்து முடித்து எங்கே போகப்போகிறோம் என்பது. நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆவதுதான் நோக்கம் என்றால், பல்கலைக்கழகத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பி வர வேண்டும். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே அசிஸ்ட் என்ற பொது இணையதளம் இருக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் எனும் முதன்மைப் பாடப்பிரிவு மூன்றையும் கொடுத்தால், பல்கலைக்கழகம் கேட்கும் பாடம் ஒரு பக்கமும் அதற்கு ஈடான கல்லூரிப் பாடம் மறு பக்கமும் வரும். சில வரிகளில், ஈடான பாடம் இல்லை என்று மட்டும் இருக்கும். கணினி அறிவியல், பொறியியல் படிக்க நினைப்பவர்கள் அப்படிப்பட்ட வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, இரண்டு மூன்று கல்லூரிகளை ஒப்பிட வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள், தகுதிகளை நிறைவு செய்யும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இடத்தை உறுதி செய்யும் ஏற்பாட்டை வைத்துள்ளன; பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. அந்த விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டுமே திறந்திருக்கும்.

பருவ முறையையும் பாருங்கள். எங்கள் பகுதியில், குபெர்ட்டினோவின் டி ஆன்சாவும் அதன் சகோதரக் கல்லூரியான ஃபுட்ஹில்லும், செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களைக் கொண்ட குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. ஃப்ரீமான்ட்டின் ஓலோனி, சாண்டா கிளாராவின் மிஷன் ஆகியவை செமஸ்டர் முறையில் நடக்கின்றன. செமஸ்டர் கல்லூரிகள் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் குவார்ட்டர் கல்லூரிகள் செப்டம்பர் பிற்பகுதியிலும் தொடங்குவதால், சென்ற ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி குடியேறியவர் ஆகஸ்டில் தகுதியின்றி நிற்பார், செப்டம்பர் கடைசியில் தகுதி பெறக்கூடும். ஆனால் பழைய ஊரில் ஒரு செமஸ்டர் கால்குலஸ் முடித்தவர், நான்கு குவார்ட்டர்களாகப் பிரித்த டி ஆன்சாவின் தொடருக்குள் நுழைந்தால், படித்ததையே மீண்டும் படிக்கவோ படிக்காததைத் தாண்டிப் போகவோ நேரலாம்.

செவிலியர் படிப்புக்கு வருபவர்கள் உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற முன்தகுதிப் பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்குமா என்பதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். சில கல்லூரிகள் பழைய மதிப்பெண்களுக்கு ஆண்டு வரம்பு வைத்திருக்கின்றன.

வேறு மாநிலத்துப் பாடங்கள் அசிஸ்டில் வராது. அவற்றை ஏற்பதா இல்லையா என்பதை இங்குள்ள மதிப்பீட்டாளர் பாடத்திட்டத்தைப் படித்துத்தான் முடிவு செய்வார். மதிப்பெண் சான்றிதழ் மட்டும் போதாது. எனவே பழைய கல்லூரியின் இணையக் கணக்கு மூடப்படும் முன், முடித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இறக்கிச் சேமித்து, என்னைப் போன்ற ஆலோசகரைச் சந்திக்க வரும் நாளில் கையோடு கொண்டுவாருங்கள்.